பால்சாமிக் வினிகர்: 60 யூரோ பாட்டிலா, 4 யூரோ பாட்டிலா, கிளேஸா?

பால்சாமிக்னா திராட்சைச் சாறுல செய்யற இத்தாலிய வினிகர். இந்த மூணுல எது பெஸ்ட்னு கேக்கறவங்ககிட்ட நான் திருப்பிக் கேக்கறது ஒண்ணுதான், அடுப்புல ஊத்தப் போறீங்களா இல்ல தட்டுல சொட்டப் போறீங்களா?

விலை கூடின பாட்டில்ல 'டிராடிசியோனாலே'ன்னு போட்டிருக்கும். இத்தாலியில மோதெனா, பக்கத்துல ரெஜ்ஜோ எமீலியா, இந்த ரெண்டு ஏரியாவுக்கு மட்டும் 2000-ல டிஓபி குடுத்தாங்க, அதாவது அந்த ஊர்லயே அந்த ஊர் முறைப்படி செஞ்சதுங்கற ஐரோப்பிய முத்திரை. இதுல வெறும் திராட்சைச் சாறுதான், வேற எதுவும் கிடையாது. பதநீர் காய்ச்சறதைப் பார்த்தவங்களுக்கு இது புரியும், அதே மாதிரி திறந்த பாத்திரத்துல சுண்டக் காய்ச்சுவாங்க, ஆனா கருப்பட்டிப் பதம் வரைக்கும் விடமாட்டாங்க. அப்புறம் கூரைக்கு அடியில இருக்கற மச்சுல, வெயிலும் குளிரும் மாறி மாறி அடிக்கற இடத்துல, ஒண்ணைவிட ஒண்ணு சின்னதா மரப்பீப்பா வரிசை வச்சிருப்பாங்க, ஓக், செஸ்ட்நட், செர்ரி, மல்பெரின்னு மரமும் மாறும், வருஷா வருஷம் கடைசிக் குட்டிப் பீப்பாயிலிருந்து கொஞ்சமா எடுத்துட்டு குறைஞ்சதை அதுக்கு முந்தினதுலேர்ந்து ரொப்பி, இப்படியே போய் பெரிய பீப்பாயில புதுச்சாறு ஊத்துவாங்க. கம்மி பட்சம் 12 வருஷம். 'எக்ஸ்ட்ராவெக்கியோ'ன்னு இருந்தா 25. மோதெனா சரக்கு வர்ற 100 மில்லி குண்டு பாட்டிலை டிசைன் பண்ணினது ஜுஜாரோ, கார் டிசைன் பண்றவர்தான்!

இதைப் போய் வாணலியில ஊத்தினா அந்த மணமெல்லாம் ஆவியோட போயிடும், காசைக் கரியாக்கற வேலை. பார்மிஜானோ சீஸ் துண்டு மேல நாலு சொட்டு, ஸ்ட்ராபெர்ரி மேல, வெனிலா ஐஸ்கிரீம் மேல, அவ்ளோதான் இதோட வேலை.

4 யூரோ பாட்டில்ல 'அச்சேத்தோ பால்சாமிக்கோ தி மோதெனா ஐஜிபி'ன்னு இருக்கும், ஐஜிபின்னா டிஓபியைவிடக் கொஞ்சம் தளர்வான ஊர்ப்பேர் முத்திரை, இதுக்கு அது கிடைச்சது 2009-ல. காய்ச்சின திராட்சைச் சாறோட ஒயின் வினிகர் கலந்து மரத்துல 60 நாள் வச்சா போதும், நிறத்துக்கு கேரமல் 2% வரைக்கும் சேத்துக்கலாம். கேக்க மட்டமா தெரியும், ஆனா சமையலுக்கு எனக்கு இதுதான் பிடிக்கும், ஏன்னா குறைஞ்சது 6% புளிப்பு இருக்கறதால ஆலிவ் ஆயிலோட அடிச்சா சாலட்ல எண்ணெய்ப் பிசுக்கை வெட்டும், சிக்கன் வறுத்த சட்டியில அடிப்பிடிச்சதைச் சுரண்டி எடுக்கறதுக்கும் வெங்காயம் நல்லா வதங்கினதும் கடைசியா ஒரு ஸ்பூன் விடறதுக்கும் சரியா இருக்கும். வாங்கறப்ப பின்னாடி திருப்பிப் பாருங்க. முதல்ல திராட்சைச் சாறுன்னு போட்டிருந்தா இனிப்பா கெட்டியா இருக்கும், முதல்ல ஒயின் வினிகர்னா தண்ணியா சுள்ளுன்னு இருக்கும். சாலட்டுக்கு எனக்கு ரெண்டாவதே போதும்.

ஒரு விஷயம், வெறும் 'பால்சாமிக்'ங்கற வார்த்தையை நம்பிடாதீங்க. முழுப்பேருக்குத்தான் பாதுகாப்பு, தனியா 'பால்சாமிக்கோ'ங்கற சொல்லுக்கு இல்லைன்னு 2019-ல ஐரோப்பிய நீதிமன்றமே சொல்லிடுச்சு.

கிளேஸ்? அழுத்தினா கோடு கோடா வர்ற அந்த பிளாஸ்டிக் பாட்டில், பெரும்பாலும் மாவுச்சத்தோ சர்க்கரையோ சேத்து கெட்டியாக்கினதுதான், தட்டுல படம் வரையலாம், நாக்குல ஜாம் மாதிரி ஒட்டும். நானா இருந்தா வாங்கமாட்டேன். ஒரு கப் ஐஜிபியை சிறு தீயில பாதியா சுண்ட வச்சா வேலை முடிஞ்சுது, ஜன்னலைத் திறந்து வச்சுக்கோங்க, நெடி மிளகாய் வத்தல் கருகினாப்ல கண்ணுல ஏறும். ஸ்பூன் முதுகுல லேசா படிஞ்சதுமே இறக்கிடணும், ஆறினா இன்னும் இறுகும். முதல் தடவை நான் 'இன்னும் கொஞ்சம்'னு விட்டுட்டேன், காலையில பார்த்தா சட்டியோட கமர்கட் மாதிரி ஒட்டிக்கிடந்துச்சு, வெந்நீர் ஊத்தி ஊத்தித்தான் எடுத்தேன்.