“தண்ணீர் தேவையில்லை” என்று சொல்லி விற்கப்படும் காற்றுத் தாவரங்கள்: வாங்குமுன் அடிப்பக்கத்தைப் பாருங்கள்

மட்டக்களப்பு நகரில் பூச்சாடிகளும் அலங்காரச் செடிகளும் விற்கும் ஒரு கடையில் கடந்த வைகாசி மாதம் மூன்று காற்றுத் தாவரங்களை வாங்கி ஏமாந்தேன். ஒன்று 2,800 ரூபாயாக மூன்றுக்கும் 8,400 ரூபாய் கொடுத்தேன். காசு போனது ஒருபுறமிருக்க, உயிருள்ள செடியைச் சாகும் நிலையிலேயே அலங்கரித்து விற்கிறார்கள் என்பது என்னை மிகவும் வருத்துகிறது. செடி வளர்க்கும் ஆசையுள்ள மற்றவர்களும் அகப்படக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சிறு துளையுள்ள கண்ணாடி உருண்டைகளுக்குள் வெண்மணலும் சிப்பியும் பரப்பி, அவற்றின் மேல் ஊதா நிறத்தில் ஒன்று, சிவப்பில் ஒன்று, சாம்பல் கலந்த பச்சையில் ஒன்று என மூன்றையும் வைத்திருந்தார்கள். “இதுக்கு மண்ணும் தேவையில்ல, தண்ணியும் தேவையில்ல அக்கா, காத்தில இருந்தே வளரும், மாசாமாசம் பூக்கும்” என்றார் கடையில் நின்ற தம்பி. மண் தேவையில்லை என்பது மட்டுமே அதில் உண்மை என்பதைப் பிறகுதான் தேடிப் படித்து அறிந்தேன். தில்லாண்ட்சியா என்ற பேரினத்தைச் சேர்ந்த இச்செடிகள் அன்னாசியின் குடும்பத்தவை. அமெரிக்கக் கண்டங்களில் மரக்கிளைகளையும் பாறைகளையும் பற்றி வளர்பவை. வேர் பெரும்பாலும் பிடிமானத்துக்கே பயன்படுவதால், மழைநீரையும் பனியையும் இலைகளின் மேலுள்ள நுண்ணிய வெண்செதில்களே உறிஞ்சிக்கொள்கின்றன. பூப்பதும் ஒரு செடிக்குப் பொதுவாக வாழ்நாளில் ஒரு முறைதான். அதன்பின் அடியில் குட்டிகளை ஈன்றுவிட்டுத் தாய்ச்செடி மெல்ல வாடிவிடும்.

கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் அவற்றைத் தொங்கவிட்டேன். கச்சான் காற்று அனலாக வீசத் தொடங்கிய காலம் அது. இரண்டு கிழமைக்குள் இலைகள் உட்புறமாகச் சுருண்டு, நுனிகள் கருகின. கடைக்குத் தொலைபேசியில் சொன்னபோது, துளை வழியாகக் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் சரியாகிவிடும் என்றார்கள். தெளித்தேன். நீர்த்துளிகள் கண்ணாடியின் உட்புறத்தில் நாள்முழுக்க வியர்வைபோலப் படிந்து நின்றன. காற்றோட்டமில்லாத உருண்டைக்குள் செடியின் அடி காயவே இல்லை. ஐந்தாம் நாள் ஊதாச் செடியை வெளியே எடுக்க மெல்ல இழுத்தபோது நடு இலைகள் மாத்திரம் என் விரல்களோடு கழன்று வந்தன. அவற்றின் வெண்மையாக இருக்கவேண்டிய அடி கபில நிறமாகக் குழைந்து, ஊறிய தென்னந்தும்புபோல நாறியது. மீதி அடிப்பாகம் சிப்பியோடு தடித்த பசையால் ஒட்டப்பட்டிருந்தது. அந்தப் பசையைக் கத்தியால் நெம்பியபோது உள்ளே வேர் இருந்த இடம் முழுவதும் கறுத்துப்போயிருந்தது. ஈரத்துணியால் இலையைத் துடைத்தேன், பெருவிரலில் ஊதாச் சாயம் ஒட்டியது. நீரை உறிஞ்சும் செதில்களின் மேலேயே சாயத்தைப் பூசியிருந்தார்கள் என்றால், நான் எவ்வளவு தண்ணீர் தெளித்தும் அது எப்படிப் பிழைத்திருக்கும்? சிவப்புச் செடிக்கும் அதே கதிதான். அதன் கழுத்தில் செப்புக் கம்பியும் சுற்றியிருந்தது. செம்பு இக்குடும்பச் செடிகளுக்கு நஞ்சு.

பற்றுச்சீட்டோடு கடைக்குப் போனபோது, “செடிக்கு உத்தரவாதம் இல்ல, நீங்க தண்ணி ஊத்தினதாலதான் அழுகினது” என்றார் உரிமையாளர். தெளிக்கச் சொன்னவர்களே அவர்கள்தான் என்பதை எடுத்துச் சொன்னேன். அவர் அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிவிட்டார். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் படங்களுடனும் பற்றுச்சீட்டின் பிரதியுடனும் எழுத்துமூலம் முறையிட்டுள்ளேன். ஆகவே சீட்டு வாங்காமல் எந்தச் செடியையும் வாங்காதீர்கள். செடியைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்க விடாத கடையில் வாங்கவே வேண்டாம். அடி இறுக்கமாக இருக்கவேண்டும், பசை இருக்கக்கூடாது, இலையை ஈரவிரலால் தேய்த்தால் நிறம் கழலக்கூடாது.

சாயம் பூசாத மூன்றாவது செடியின் அடி இன்னும் உறுதியாக இருந்ததால், பசையைச் சுரண்டி எடுத்து, கண்ணாடியைக் கைவிட்டு, நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கோடையில் சவராகிவிடுவதால், பீப்பாயில் சேர்த்த மழைத்தண்ணீரில் கிழமைக்கு ஒருமுறை, கச்சான் கடுமையாக வீசும் நாட்களில் இருமுறை, அரைமணி நேரம் அமிழ்த்தி வைக்கிறேன். இதை எப்போதும் காலையிலேயே செய்கிறேன், ஏனெனில் இச்செடிகள் இரவில்தான் இலைத்துளைகளைத் திறந்து காற்றை உள்வாங்குகின்றன. அதற்குள் இலைகள் காய்ந்திருக்கவேண்டும். எடுத்தவுடன் தலைகீழாகப் பிடித்து உதறி, இலையிடுக்கில் தேங்கிய நீர் முழுதும் வடிந்தபின், நேர் வெயில் படாத வெளிச்சத்தில் மாட்டுவேன்.

சென்ற கிழமை அந்தக் கடையைக் கடந்தபோது அதே கண்ணாடி உருண்டைகள் வாசலில் தொங்கின. ஒரு தாயும் மகளும் ஊதாச் செடியொன்றுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் நின்று, அதை வெளியே எடுத்து அடிப்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள் என்று அந்தத் தாயிடம் சொன்னேன். கடைக்காரர் எடுத்துக் காட்டவில்லை, அவர்களும் வாங்கவில்லை.