சீரியம் ஆக்சைடு என்று காவிப் பொடி விற்கிறார்கள், உஷார்

கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் கார் முன்கண்ணாடியில் வைப்பர் கோடு விழுந்து வருகிறவர்களிடம், கண்ணாடிக் கோட்டைத் தேய்த்துப் போக்கும் பாலிஷ் பொடியான ‘சீரியம் ஆக்சைடு’ லேபிள் ஒட்டிய செங்கல் நிறப் பொடியைத் தலையில் கட்டுகிறார்கள். எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு பாக்கெட்டும் அதுதான். வாங்கியவர் அரை நாள் தேய்த்தும் கோடு அப்படியே இருக்கிறது. கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கில் ஏறிய சிவப்பு சோப்புக்கும் போகவில்லை. கடையில் கேட்டால், “கண்ணாடி சரியில்ல சார்” என்றார்களாம்.

கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை. பாக்கெட்டில் இருந்தது இரும்பு ஆக்சைடு. சீரியம் வருவதற்கு முன் கண்ணாடிக்கு அதைத்தான் போட்டார்கள். வேலை ரொம்ப மெதுவாக நடக்கும், கறையும் பிடிக்கும். அசல் சீரியம் ஆக்சைடு வெளிர் மஞ்சள். பாலிஷ் தரத்தில் வெள்ளை, இளஞ்சிவப்பு, பழுப்பு என்று வரும். பழுப்பு பெரும்பாலும் உடன் இருக்கும் பிரசியோடிமியம் என்ற உலோகத்தால். செங்கல் சிவப்பாக இருந்தால் வாங்காதீர்கள். வெள்ளைப் பொடி என்றால் ஒரு சிட்டிகையில் வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புத் தூள் கலந்திருக்கிறது.

அசல் பொடியையும் தப்பாகப் போட்டால் கண்ணாடி போய்விடும். நகத்தால் கோட்டின் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் பாலிஷ் வேண்டாம். அவ்வளவு ஆழத்துக்குத் தேய்த்தால் பள்ளம் விழுந்து, இரவில் எதிர்வண்டி வெளிச்சம் நெளியும். நகம் தட்டாத கோட்டுக்கு, 100 கிராம் பொடியை 200 மில்லி தண்ணீரில் மோர்ப் பதத்துக்குக் கரைத்து, ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) பேடில், நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்குள் ஓடும் மெஷினில் போடுங்கள். கிரைண்டர் கூடவே கூடாது. தண்ணீர் பட்டு இளகிய மேற்பரப்பைச் சீரியம் வேதிவினையால் பற்றி எடுக்கிறது. காய்ந்தால் அந்த வேலை நின்று சூடு மட்டும் ஏறும், கண்ணாடி விரிசல் விடும். தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்துங்கள்.

பேட் கீழே விழுந்தால் எடுத்துத் திரும்பப் போடாதீர்கள். நம்மூர் ஆற்றுமணல் குவார்ட்ஸ், கண்ணாடியைவிடக் கடினம். ஒரு மணல் துகள் ஒட்டினாலும் புதுக்கோடு வட்டமாக விழும். வைப்பர் கோடும் இந்த மணலால்தான். சாலையில் நெல் காயும் நாட்களில் தண்ணீர் அடிக்காமல் வைப்பரைப் போடாதீர்கள்.

ஏமாந்தவர்கள் பில், பாக்கெட், மிச்சப் பொடி மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது.