பதிவு ஆண்டை மட்டும் நம்பிப் பழைய நிசான் ஜூக் வாங்காதீர்கள்

பழைய நிசான் ஜூக் ஒன்றை வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வண்டியைக் குறை சொல்வது என் நோக்கமன்று; அது இன்றும் நன்றாகவே ஓடுகிறது. ஒரே தலைமுறைக்குள் இருக்கும் வேறுபாட்டை மறைத்து அதை எனக்கு விற்ற விதத்தைத்தான் சொல்ல வந்தேன்.

என் அம்மா சக்கர நாற்காலி இல்லாமல் வெளியே வர முடியாதவர். நாற்காலியை மடித்தால் டிக்கியில் அடங்க வேண்டும், அவர் ஏறி இறங்க இருக்கையும் சற்று உயரமாக இருக்க வேண்டும் என்பதால்தான் சிறிய எஸ்யூவியாகத் தேடினேன். பழைய கார் விற்பனையாளர் ஒருவரின் விளம்பரத்தில் ‘2014, ஃபேஸ்லிஃப்ட் மாடல், டிக்கி 354 லிட்டர், பாதுகாப்பில் 5 நட்சத்திரம்’ என்று இருந்தது. ஃபேஸ்லிஃப்ட் என்றால் அதே தலைமுறை வண்டியை இடையில் சில மாற்றங்களோடு புதுப்பித்து வெளியிடுவது. அந்த அளவுக்கு நாற்காலி அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டேனே தவிர, அதைக் கையோடு எடுத்துச் சென்று வைத்துப் பார்க்கவில்லை.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று மாலையே உண்மை தெரிந்துவிட்டது. நாற்காலியைப் படுக்க வைத்தாலும் நிறுத்தி வைத்தாலும் டிக்கிக் கதவு மூடவில்லை. அம்மா வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் காட்டினேன். அவர் சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்து, தரையோரம் தைக்கப்பட்டிருந்த சிறிய துணிச்சீட்டைத் திருப்பிக் காட்டினார். அதில் 2013 என்று அச்சாகியிருந்தது. பிறகு பானெட்டைத் திறந்து, முன் பம்பரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையில் பெயின்ட் உதிர்ந்து, சாவி போட்ட தடம் பளபளப்பாக இருப்பதைச் சுட்டினார். 2013இல் தயாராகி, விற்காமல் நின்று, 2014இல் பதிவான வண்டியில், அதற்குப் பிந்தைய ஃபேஸ்லிஃப்ட் மாடலின் பம்பரையும் கிரில்லையும் யாரோ மாட்டியிருக்கிறார்கள்.

இந்த ஓராண்டு வித்தியாசம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், 2010இல் வந்த முதல் தலைமுறை ஜூக்கின் டிக்கி 251 லிட்டர்தான். 2014 ஃபேஸ்லிஃப்ட்டில்தான் அது 354 லிட்டர் ஆனது, அதுவும் என்ஜினின் விசை நான்கு சக்கரங்களுக்கும் போகாமல் இரண்டுக்கு மட்டும் போகும் வண்டிகளில்தான். 2019இல் வந்த இரண்டாம் தலைமுறையிலோ வீல்பேஸ், அதாவது முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம், 2530 மில்லிமீட்டரிலிருந்து 2636 ஆக நீண்டு, டிக்கி 422 லிட்டர் ஆகிவிட்டது. பெயர் ஒன்றாக இருந்தாலும், எனக்குத் தேவையான ஒரு விஷயத்தைப் பொறுத்தவரை இவை மூன்றும் வெவ்வேறு வண்டிகள்.

நட்சத்திரக் கணக்கும் அப்படித்தான். முதல் தலைமுறை 2011இலும் இரண்டாம் தலைமுறை 2019இலும் ஐரோப்பாவில் புதிய கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் யூரோ என்கேப் சோதனையில் 5 நட்சத்திரம் பெற்றன. ஆனால் நடந்து செல்வோரையும் சைக்கிளில் செல்வோரையும் கண்டு வண்டி தானாகவே பிரேக் பிடிக்கிறதா என்ற சோதனை 2011இல் கிடையாது. ஆகவே எந்த ஆண்டின் 5 நட்சத்திரம் என்று கேட்காமல் அந்த எண்ணை ஏற்காதீர்கள்.

விற்பனையாளரிடம் திரும்பிச் சென்றபோது, “பதிவுச் சான்றிதழில் 2014 என்றுதானே இருக்கிறது, நாங்கள் என்ன பொய் சொன்னோம்?” என்று கேட்டார். விளம்பரம் அதற்குள் நீக்கப்பட்டிருந்தது. நான் அதைப் படமெடுத்து வைக்கவில்லை. விற்பனை ரசீதில் ‘2014 ஜூக்’ என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. இதில்தான் நான் முழுவதுமாகத் தோற்றேன்.

எனவே விளம்பரத்தை முதலில் சேமித்துக்கொள்ளுங்கள். தயாரிப்பு மாதம், ஆண்டு, ஃபேஸ்லிஃப்ட்டுக்கு முந்தையதா பிந்தையதா என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள். 17 இலக்கச் சேசிஸ் எண்ணின் பத்தாவது இடம் மாடல் ஆண்டைக் குறிக்கும் என்பார்கள், ஆனால் அது எல்லா நாட்டு வண்டிகளுக்கும் பொருந்தாது. அந்த எண்ணை நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தில் கொடுத்துக் கேட்பதே நம்பகமானது. சீட் பெல்ட்டில் உள்ள துணிச்சீட்டையும் கண்ணாடிகளின் ஓரத்தில் உள்ள தேதிக் குறிகளையும் நீங்களே பார்க்கலாம். டிக்கியில் எதை வைக்கப் போகிறீர்களோ, அதைக் கட்டாயம் கொண்டு செல்லுங்கள்.

இப்போது பின் இருக்கையின் ஒரு பாதியை மடித்துத்தான் நாற்காலியை ஏற்றுகிறோம். அதே விற்பனையாளரிடம் போன வாரம் இன்னொரு ஜூக் விற்பனைக்கு வந்திருக்கிறது. அதன் விளம்பரத்திலும் ‘2014, 354 லிட்டர்’ என்றே போட்டிருக்கிறார்கள்.