ஃபோல்டுஸ்கோப்பா, கூட்டு நுண்ணோக்கியா?

ஒரு கூட்டு நுண்ணோக்கியின் விலையில், காகிதத்தை மடித்துச் செய்யும் நுண்ணோக்கியான ஃபோல்டுஸ்கோப் பல வாங்கலாம். பள்ளியில் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

உருப்பெருக்கம்: ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு உருவாக்கிய இந்தக் காகிதக் கருவி சுமார் 140 மடங்கு காட்டும். கூட்டு நுண்ணோக்கியில் 10 மடங்கு கண்ணருகு லென்ஸும் 40 மடங்கு பொருளருகு லென்ஸும் சேர்ந்தால் 400.

வெங்காயத் தோலுக்கு 140 தாராளம். சாஃப்ரனின் என்னும் சிவப்புச் சாயம் ஒரு சொட்டு விட்டால் செங்கல் சுவர் போல செல் வரிசையும், உள்ளே உட்கருவும் தெரியும். கன்னத்தின் உட்புறச் செல்லில்தான் சிக்கல். மெத்திலீன் நீலம் போட்டாலும் உட்கரு சின்னப் புள்ளிதான். 400-இல் பளிச்சென்று நிற்கும்.

கையாளுதல்: ஃபோல்டுஸ்கோப்பைக் கட்டைவிரலால் நகர்த்தி ஃபோகஸ் செய்ய வேண்டும், கை நடுங்கினால் படமும் நடுங்கும். கூட்டு நுண்ணோக்கியில் 40 மடங்கு லென்ஸை வைத்துக்கொண்டு பெரிய திருகைத் திருப்பினால் ஸ்லைடு 'டக்'. (எத்தனை உடைந்தன என்று கேட்காதீர்கள்.)

பராமரிப்பு: காகிதக் கருவி பைக்குள் போகும். மற்றதன் லென்ஸில் ஈரக்காற்றுப் பட்டால் பூஞ்சை பிடிக்கும்.

குளத்து நீர், இலை, பூச்சிச் சிறகு என்று வெளியே சுற்றும் 6 முதல் 8-ஆம் வகுப்புக்கு ஃபோல்டுஸ்கோப். வேர்நுனியில் செல் பிரிதல் பார்க்கும் மேல்நிலை வகுப்புக்குக் கூட்டு நுண்ணோக்கிதான், ஒன்றே ஒன்று இருந்தாலும் சரி.