காயில் என்றால் கொசுவர்த்தி இல்லை: இங்கிலாந்தில் ஆறு வருடம்

2019-ல் கோவையிலிருந்து லண்டன் ஈஸ்ட் ஹாமுக்கு வந்தபோது, விசாவோடு, அங்குள்ள அரசு மருத்துவத்துக்கான ஹெல்த் சர்சார்ஜ் என்ற கட்டணத்தையும் கட்டினோம். அப்போது ஆளுக்கு வருடம் 400 பவுண்டு, இப்போது 1,035. இங்கிலாந்தில் கருத்தடை எந்த விசாவில் இருந்தாலும் இலவசம் என்பது எனக்குத் தெரியாது. முதல் வருடம் சாம்பார் பொடிக்கும் புளிக்கும் நடுவே மாத்திரை அட்டைகளை ஒளித்துக் கொண்டுவந்தேன்.

ஜி.பி. என்கிற உள்ளூர் டாக்டரிடம் பதிந்துகொண்டாலும், காலை எட்டு மணிக்கு போன் போட்டால் வரிசையில் இருபதாவது ஆள். அப்புறம்தான் கருத்தடைக்கு செக்சுவல் ஹெல்த் கிளினிக்குக்கே நேராகப் போகலாம், ஜி.பி.யின் கடிதமே தேவையில்லை என்று தெரிந்தது. பெயரைக் கேட்டுக் கூச்சப்பட்டு அதற்கும் இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன்.

உள்ளே "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று யாரும் கேட்கவில்லை. கணவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "வீட்டில் பயமில்லாமல் இருக்கிறீர்களா?" என்று நர்ஸ் கேட்டார். எல்லோரிடமும் கேட்பார்களாம். எனக்குத்தான் ஒரு நொடி தூக்கிவாரிப்போட்டது. அடுத்து, "காயில் வைக்கலாமா?" என்றார். என் மனதில் வந்தது கொசுவர்த்திச் சுருள். படத்தைக் காட்டிய பிறகுதான் புரிந்தது, அட, கர்ப்பப்பைக்குள் வைக்கிற நம்ம காப்பர்-டி!

வைக்கத் தேதி கிடைக்க ஏழு வாரம் ஆனது. என் பெரிய குறை இதுதான். அதுவரை மாத்திரை கொடுத்தார்கள். 2021-ல் வைத்தார்கள். வேண்டுமென்றால் பெண் டாக்டர், துணைக்கு இன்னொரு பெண். உள்ளே விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலம் என்ற பிளாஸ்டிக் கருவி போனதும் தாடையை இறுக்கிக்கொண்டேன். "நிறுத்தவா?" என்று இரண்டு முறை கேட்டார்கள். வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். முதல் நான்கு மாதம் பீரியட்ஸில் போக்கும் அதிகம். பிறகு தானாக அடங்கிவிட்டது. மாதத்துக்கு ஒருமுறை காப்பர்-டியின் நூல் தட்டுப்படுகிறதா என்று விரலால் பார்த்துக்கொள்வதோடு சரி.

25 வயதானால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான ஸ்மியர் டெஸ்ட்டுக்கு அவர்களே அழைப்பு அனுப்புகிறார்கள். எனக்கு ஐந்தே நிமிடத்தில் முடிந்தது; காப்பர்-டியோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

போன வாரம் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "லூப் போடேக்க நோகுமோ?"

"வலிக்குங்க்கா. ஒரு மணி நேரம் முன்னாடியே வலி மாத்திரை போட்டுட்டுப் போங்க. அங்க 'காயில்'னு கேளுங்க."