வீட்டிலிருந்தே யாத்திரை போகும் ஆப்: நடைக்குச் சரி, சடங்குக்கு?

நாம் நடக்கும் அடிகளை எண்ணி, அந்தத் தூரத்துக்கு யாத்திரைப் பாதை ஒன்றின் வரைபடத்தில் நம்மை நகர்த்திக்கொண்டே போகும் ஆப் இது. ஸ்பெயினில் சந்தியாகோ நகரத் தேவாலயத்துக்குப் போகும் கிறிஸ்தவர்களின் பாதை, ஜப்பானின் ஷிகோகு தீவில் 88 பௌத்தக் கோயில்களைச் சுற்றும் பாதை, கைலாய வலம், மூன்றும் உண்டு. தூரக் கணக்கு ஓரளவு சரி, படங்கள் அழகு, பேட்டரியைத்தான் குடிக்கிறது. இதெல்லாம் பரவாயில்லை, ஆனால் முதல் திரையிலேயே யாத்திரைச் சடங்கை வீட்டிலிருந்தபடியே முடிக்கலாம் என்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு ஒத்துவரவில்லை.

யாத்திரையே ஒரு சடங்குதானா என்றால், எந்த யாத்திரை என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஹஜ்ஜுக்கு விமானத்தில் வந்தால் என்ன, கப்பலில் வந்தால் என்ன, யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் துல்ஹஜ் மாதம் 9ஆம் நாள் மக்காவுக்கு அருகிலுள்ள அரஃபா வெளியில் தங்கும் நேரத்தைத் தவறவிட்டால் அந்த வருட ஹஜ்ஜே போச்சு. சந்தியாகோ இதற்கு நேர் எதிர். யாத்திரை முடித்ததற்கான சான்றிதழ் வேண்டுமானால் 100 கி.மீ.யாவது நடந்திருக்க வேண்டும், சைக்கிள் என்றால் 200. அதுவும் சான்றிதழுக்கான விதியே தவிர, குறைவாக நடந்தவரின் யாத்திரை செல்லாது என்று அர்த்தமில்லை. நடைதான் அங்கே பெரிது என்பதால் ஆப்புக்கு ஒட்டிவருவது இந்தப் பாதை ஒன்றுதான்.

ஷிகோகுவில்தான் சொதப்பல். மொத்தம் சுமார் 1,200 கி.மீ., பஸ்ஸில் சுற்றுகிறவர்களே ஏராளம், அதை யாரும் குறையாக நினைப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு கோயிலிலும் மூலவர் மண்டபத்திலும் இந்தப் பாதையில் போற்றப்படும் பௌத்தத் துறவியான குக்காய் மகானின் மண்டபத்திலும் சூத்திரம் ஓதி வணங்கிவிட்டு அப்புறம் ஏட்டில் முத்திரை வாங்குவதுதான் முறை. மகான் ஒருமுறை பாலத்தடியில் இரவைக் கழித்தாராம், அதனால் பாலத்தைக் கடக்கும்போது கைத்தடியைக்கூட ஊன்ற மாட்டார்கள். ஆப்பில் எனக்கு முத்திரை விழுந்தது எப்போது தெரியுமா? நடுராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து, பாதித் தூக்கத்தில் கையில் டம்ளரோடு நின்றபோது.

கைலாயம் இன்னும் மோசம். சுமார் 52 கி.மீ. சுற்று அது, இந்துக்களும் பௌத்தர்களும் வலமாக வருவார்கள், ‘பொன்’ (Bon) என்ற திபெத்தின் பழைய சமயத்தைச் சேர்ந்தவர்கள் இடமாக வருவார்கள். எந்தப் பக்கம் சுற்றுகிறோம் என்பதே பெரிய விஷயமாக இருக்கிற இடத்தில், திசையைத் தேர்ந்தெடுக்க ஆப்பில் வழியே கிடையாது.

போக முடியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கலாம், நியாயம்தான். அதற்கும் ஜப்பானிலேயே ஏற்பாடு இருக்கிறது: 88 கோயில்களின் மண்ணையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக மிதித்து வணங்கிக்கொண்டே போவார்கள். ஒரு கூடத்துக்குள் முடிந்துவிடும். கிலோமீட்டர் கணக்கில் ஒன்றுமே இல்லை, இருந்தாலும் அதைச் சடங்கு என்று தயங்காமல் சொல்வேன், ஏனென்றால் வணங்காமல் தாண்டினால் தப்பாகிவிடும். இந்த ஆப்பில் எதையும் தப்பாகச் செய்யவே முடியாது, போனைக் கையில் பிடித்து ஆட்டினாலே தூரம் ஏறுகிறது.

நடைப்பழக்கத்துக்கு வாங்கலாம், நான்கு நட்சத்திரம். அடுத்த பதிப்பில் திசையைத் தேர்ந்தெடுக்க ஒரு பொத்தானும், கோயில் வந்ததும் நடையைக் கொஞ்சம் நிறுத்திவைக்கும் வசதியும் வைத்தால் ஐந்தாவதையும் கொடுக்கிறேன்.