பிக்கப் இழுக்கவில்லை என்று பட்டறைக்குப் போனேன், ₹41,700 போயிற்று: எல்லையோர வண்டிக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

நேற்று முன்தினம் மாலைதான் எனக்கு உண்மை தெரிந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் இப்போதே உட்கார்ந்திருக்கிறேன்; ஆறிவிட்டால், போனது போகட்டும் என்று நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு அடுத்த லோடுக்குக் கிளம்பிவிடுவேன். போனது ₹41,700. ஓணத்துக்கு முந்தைய வாடகை முழுவதையும் சேர்த்தாலும் அந்தத் தொகை வராது.

நான் கம்பத்திலிருந்து காய்கறியும் பன்னீர் திராட்சையும் ஏற்றிக்கொண்டு குமுளி, வண்டிப்பெரியாறு, முண்டக்கயம் வழியாகக் கோட்டயம் வரை ஓடுகிறவன். போக வர 260 கிலோமீட்டர். வண்டி 2017ஆம் ஆண்டின் கடைசியில் பதிவான பிக்கப். பாரத் ஸ்டேஜ் 4 புகை விதிப்படி வந்த காமன் ரெயில் டர்போ டீசல்; டர்போ என்பது என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம். டிரைவர் வைத்துக்கொள்ளவில்லை, நானேதான் ஓட்டுகிறேன். மலையேற்றத்தையும் சேர்த்து லிட்டருக்குப் பன்னிரண்டரை கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி அது. கேரளத்தைவிட நம் பக்கத்தில் டீசல் விலை குறைவு என்பதால் எப்போதும் கம்பத்திலேயே டேங்கை வாய்வரை நிரப்பிக்கொண்டுதான் கிளம்புவேன். ஒவ்வொரு முறையும் கிலோமீட்டரையும் லிட்டரையும் ஒரு சிட்டை நோட்டில் எழுதி வைப்பேன். அதனால் மைலேஜ் குறைவது எனக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரமே தெரியும்.

ஆடி மாதக் கடைசியில் நோட்டில் பதினொன்று என்று வந்தது, பிறகு பத்து, பிறகு எட்டரை. லோயர் கேம்ப்பைத் தாண்டி மலை ஏறத் தொடங்கினால், இரைச்சல் பாலத்துக்கு மேலே மூன்றாவது கியரில் எடுத்துக்கொண்டிருந்த ஏற்றத்தை இரண்டாவது கியரில் அழுது அழுது ஏற வேண்டியதாயிற்று. ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தாலும் வண்டி நகரவில்லை, பின்னால் கரும்புகைதான் கிளம்பியது. பின்னால் வரும் கேரளப் பேருந்துகள் ஹாரன் அடித்தே என் காதைச் செவிடாக்கின. ஒரு நடைக்குப் பத்து லிட்டர் டீசல் கூடுதலாகக் குடிக்கிற வண்டியை வைத்துக்கொண்டு, ஓணம் சீசனில் கமிஷன் கடைக்காரர்களிடம் வாடகை பேசுவது எவ்வளவு வேதனை என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

அந்த அவசரத்தில்தான் எல்லைக்கு அந்தப் பக்கம் சாலையோரத்தில் இருக்கும் ஒரு பட்டறைக்குப் போனேன். எல்லாக் கம்பெனி வண்டிகளும் பார்க்கும், கம்ப்யூட்டர் ஸ்கேனரும் என்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைச் சோதிக்கும் மேசையும் வைத்திருக்கும் டீசல் பட்டறை. அதற்கு மேல் அடையாளம் சொல்லப் போவதில்லை. இதைப் படித்துவிட்டு மலையாளி, தமிழன் என்று யாரும் சண்டை பிடிக்க வேண்டாம். என்னை ஏமாற்றியவர் என் ஊர்ப் பக்கத்திலிருந்து போய் அங்கே தொழில் செய்கிறவர்தான். என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுகிறவர்.

நான் எந்த நேரத்தில் நம்பினேன் என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்களும் அங்கேதான் நம்புவீர்கள். போனவுடன் முன்பணம் கேட்கவில்லை. "நம்ம ஊர்க்காரர் வண்டி, முதல்ல என்னன்னு பாப்போம், காசு எங்கண்ணே போயிடப் போகுது" என்றார். ஸ்கேனரை மாட்டி, ஒரு தாளை அச்செடுத்து, அதில் இருந்த ஆங்கில வரியின் மேல் விரலை வைத்து, "கம்ப்யூட்டரே சொல்லுது பாருங்கண்ணே, நாசில் நாலும் வீக்" என்றார். நாசில் என்று அவர் சொன்னது இன்ஜெக்டரை. எனக்கு ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான் வரும். அவர் விரல் வைத்த இடத்தைப் பார்த்துத் தலையாட்டினேன். என்ஜின் மேல் மூடியைப் பையன் கழற்றத் தொடங்கியபோது, "வெயில்ல நிக்காதீங்க, சாப்பிட்டு வாங்க" என்று அனுப்பி வைத்தார். முக்கால் மணி நேரம் கழித்து வந்தபோது மேசை மேல் நான்கு இன்ஜெக்டர்கள் துடைத்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்றைச் சோதனை மேசையில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். பனி போலத் தெளிக்க வேண்டிய முனையிலிருந்து, ஒழுகும் குழாயிலிருந்து வருவதைப் போல டீசல் சொட்டுச் சொட்டாக விழுந்தது. கண்ணால் பார்த்துவிட்டேன், அதற்குப் பிறகு என்ன கேள்வி கேட்பது?

மாலையில் வேலை முடிந்ததும், நான் கேட்காமலே, பழைய இன்ஜெக்டர்கள் நான்கையும் ஒரு கேரிபேக்கில் போட்டுக் கையில் கொடுத்தார். "உங்க பொருள் உங்ககிட்ட இருக்கணும், நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது" என்றார். பழைய சாமானைத் திருப்பிக் கொடுக்கிற மெக்கானிக் ஏமாற்ற மாட்டான் என்று எங்கள் ஸ்டாண்டில் எல்லோரும் சொல்வார்கள். நானும் அதைத்தான் இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கணக்கு இது: ரீகண்டிஷன் (பழையதைப் புதுப்பித்த) இன்ஜெக்டர் நான்குக்கு ₹30,000, டர்போ சர்வீஸ் ₹6,000, டீசல் ஃபில்டர் வகையறா ₹1,850, ஸ்கேனிங் ₹1,000, கூலி ₹2,850. மொத்தம் ₹41,700. ஜிஎஸ்டி பில் போட்டால் கூடும் என்று சொல்லி ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். ₹15,000 கைபேசி வழியாக அவருடைய சொந்த எண்ணுக்குப் போட்டேன். மீதியைக் கையில் எண்ணிக் கொடுத்தேன். பில் கேட்காதது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாற்றாத பொருளுக்குப் பணம் வாங்கியது என் தவறு அல்ல.

மறுநாள் லோடு ஏற்றிக்கொண்டு மலை ஏறியபோதே வயிறு கலங்கிவிட்டது. அதே இரைச்சல் பாலம், அதே இரண்டாவது கியர், அதே கரும்புகை. டேங்கை நிரப்பிக் கணக்குப் பார்த்தால் 334 கிலோமீட்டருக்கு 41.2 லிட்டர், அதாவது எட்டுக்குச் சற்று மேல். பட்டறைக்குப் போவதற்கு முன்பு இருந்ததைவிடக் குறைவு!

தொலைபேசியில் அழைத்தேன். புது இன்ஜெக்டர் செட் ஆக ஆயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டும் என்றார். ஓட்டினேன். ஆயிரம் முடிந்ததும் டீசல் சரியில்லை, பங்க்கை மாற்றுங்கள் என்றார். மாற்றினேன். மூன்றாவது முறை, நீங்கள் ஓவர்லோடு ஏற்றுகிறீர்கள் என்று என் மேலேயே பழியைப் போட்டார். நான் ஏற்றுவது எட்டு வருடமாக அதே ஒன்றேகால் டன்தான். நேரில் போனால் முதலாளி கோயம்புத்தூர் போயிருக்கிறார் என்றான் பையன். இன்னொரு நாள் சாப்பிடப் போயிருக்கிறார் என்றான், அவருடைய செருப்பு வாசலில் கிடக்க. அடுத்த வாரத்தில் என் அழைப்பு மணி ஒரு முறை அடித்துத் துண்டிக்கப்படத் தொடங்கியது. ₹41,700 கொடுத்தவனுக்கு ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொல்லக்கூட அங்கே ஆள் இல்லை.

நேற்று முன்தினம், கம்பத்தில் தொழிலை விட்டு ஓய்ந்திருக்கும் ஒரு பெரியவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவரிடம் ஸ்கேனர் கிடையாது. என்ஜினைத் தொடவே இல்லை. முதலில் பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, கியரை நியூட்ரலில் போடச் சொல்லி, சக்கரங்களைக் கையால் சுற்றினார். வலது சக்கரம் சுற்றியது. இடது சக்கரம் அரைச் சுற்றில் நின்றது. பிரேக் டிரம்மைக் கழற்றினால், பிரேக் இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் துருவேறி இறுகி, பிரேக் லைனிங் எப்போதும் டிரம்மைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பிரேக்கை மிதித்துக்கொண்டே நான் கோட்டயம் போய் வந்திருக்கிறேன்.

"இது பாதிதான் தம்பி" என்றார். பிறகு ஏர் ஃபில்டரைப் பார்த்தார், அது சுத்தமாக இருந்தது. டர்போவிலிருந்து, காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில் கையை விட்டுத் தடவி வெளியே எடுத்தார். நான்கு விரலிலும் எண்ணெய்ப் பிசுக்கு கரிபோல ஒட்டியிருந்தது. என்ஜின் சும்மா ஓடும்போது அங்கே சத்தமே கேட்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் மூடியில் பழைய டியூப்பின் வால்வைப் பொருத்தி, டர்போவின் காற்று வாயை அதனால் அடைத்து, பக்கத்துப் பங்க்சர் கடை கம்ப்ரசரிலிருந்து பதினைந்து பவுண்டு அளவுக்குக் காற்றை ஏற்றி, ஹோஸ் முழுவதும் சோப்புத் தண்ணீரைத் தடவினார். அடிப்பக்கத்தில், கிளாம்புக்குக் கீழே, இரண்டு அங்குல நீளத்துக்கு நுரை பொங்கிப் பொங்கி வந்தது. ஹோஸ் பிளந்திருந்தது. மலையேற்றத்தில் டர்போ காற்றை அழுத்தும்போது மட்டும் அந்தப் பிளவு வாய் திறக்கும். என்ஜினுக்குப் போக வேண்டிய காற்று வெளியே போகும், காற்றுக்கு மிஞ்சிய டீசல் எரியாமல் புகையாகும், இழுவை குறையும்; இழுவை குறைந்ததால் நான் இன்னும் மிதிப்பேன்.

அவருடைய பேரன் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்கிறான். சன்-வைசரில் செருகியிருந்த ஸ்கேன் தாளை எடுத்து அவனிடம் காட்டினேன். பட்டறைக்காரர் விரல் வைத்த அதே வரியைப் படித்துவிட்டு, "இதுல பி 0299ன்னு இருக்கு மாமா, டர்போ காற்று அழுத்தம் போதலைன்னு அர்த்தம், இன்ஜெக்டரைப் பத்தி இந்தத் தாள்ல ஒரு வார்த்தைகூட இல்லையே" என்றான். ஒரு மாதமாக என் தலைக்கு மேலேயே அந்தத் தாள் இருந்திருக்கிறது.

இதுவரை அறியாமை என்று விட்டுவிடலாம். அதற்குப் பிறகு வந்ததுதான் மோசடி. 2022இல் இதே பெரியவர் இன்ஜெக்டர் வாஷர் மாற்றியபோது, எந்த இன்ஜெக்டர் எந்த சிலிண்டருக்கு என்று மாறிவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொன்றின் தலையிலும் பொறித்திருக்கும் எழுத்துகளைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். டார்ச் அடித்து என்ஜினில் இருப்பதைப் படித்தோம். நான்கும் அதே எழுத்துகள், அதே வரிசை. அடியில் படிந்திருந்த பழைய அழுக்குக்கூடக் கலையவில்லை. தலையை மட்டும் டீசல் தொட்டுத் துடைத்திருக்கிறார்கள். ₹30,000 ஒரு துடைப்புக்கு! கேரிபேக்கில் கொடுத்தவையோ வேறு ஏதோ என்ஜினுடையவை; என் வண்டியில் அவை உட்காரவே உட்காராது.

ஹோஸ் ₹1,150, கிளாம்பு இரண்டு ₹160, பெரியவர் கட்டாயப்படுத்தியபின் வாங்கிக்கொண்ட கூலி ₹800. ஆக ₹2,110. அன்றிரவே லோடு ஏற்றிக்கொண்டு போய், நேற்று திரும்பி வந்து, உள்ளூர் நடையும் முடித்து டேங்கை நிரப்பினேன்: 387 கிலோமீட்டருக்கு 32 லிட்டர். இரைச்சல் பாலத்தில் மூன்றாவது கியர்.

வரும் வழியில் பட்டறையில் இறங்கினேன். இந்த முறை முதலாளி இருந்தார். படங்களைக் காட்டியதும் அரை நிமிடம் பேசவில்லை, பிறகு என் துண்டுச் சீட்டையே வாங்கி, "இன்ஜெக்டர் ஒர்க்னுதானே எழுதியிருக்கேன், மாத்தினேன்னு எங்க இருக்கு?" என்றார். உண்மைதான், அப்படித்தான் எழுதியிருக்கிறது. அவருடைய கையெழுத்துகூட அதில் இல்லை. நான் வண்டியில் ஏறுவதற்குள் வாட்ஸ்அப்பில் என்னைத் தடை செய்துவிட்டார்.

இன்று காலை நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். பட்டறை கேரளத்தில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரையிலான தொகைக்குக் கட்டணம் இல்லை. தொழில் வண்டி என்று தள்ளிவிடுவார்கள் எனப் பயமுறுத்துவார்கள். சொந்தப் பிழைப்புக்காக நாமே ஓட்டுகிற வண்டிக்கு அது பொருந்தாது. ₹15,000 போனதற்கு மட்டும் கைபேசியில் சான்று இருக்கிறது, மீதி ₹26,700க்கு என் வாய்ச்சொல்தான்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விளக்கமாக எழுத நினைத்திருந்தேன், விடியற்காலை மூன்று மணிக்கு லோடு இருக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இழுவையும் மைலேஜும் ஒன்றாகக் குறைந்தால் முதலில் நான்கு சக்கரத்தையும் தூக்கிச் சுற்றிப் பாருங்கள், ஏர் ஃபில்டரையும் டர்போ ஹோஸையும் பாருங்கள், இன்ஜெக்டர் எல்லாவற்றுக்கும் கடைசி. ஸ்கேன் தாளைப் படிக்கத் தெரிந்த வேறு ஒருவரிடம் காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள். வண்டியை விடுவதற்கு முன்பே இன்ஜெக்டர் எண்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டு வரச் சொன்னால் போகாதீர்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாயும் வேண்டாம்.

இன்னொன்று. அந்தக் கேரிபேக் இன்னும் என் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. அதில் உள்ள நான்கு இன்ஜெக்டர்களும் யாரோ ஒருவருடைய வண்டியிலிருந்து கழற்றியவை. அந்தப் பக்கத்துப் பட்டறை எதிலாவது சமீபத்தில் இன்ஜெக்டர் வேலை பார்த்தவர்கள் உங்கள் பழைய படத்தையோ எண்ணையோ எனக்கு அனுப்புங்கள், ஒத்துப்பார்த்துச் சொல்கிறேன்.